சடங்கு காட்டைக் காக்குமா?

1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டெரானியா க்ரீக் என்ற மழைக்காட்டில் மரம் வெட்டத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் புல்டோசர்களை மறித்து நின்றார்கள். மறியலில் நின்றவர்களில் ஒருவர் ஜான் சீட். அந்தக் காடு பிழைத்துக்கொண்டது. பின்னாளில் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. ஆனால் எல்லாக் காடுகளையும் இப்படி ஒவ்வொன்றாக மறித்துக் காப்பாற்றிவிட முடியாது, மனிதர் தம்மை யாரென்று நினைத்துக்கொள்கிறார்களோ அந்த நினைப்பே மாற வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1985இல் அமெரிக்கப் பௌத்த அறிஞர் ஜோன்னா மேசியுடன் சேர்ந்து அவர் ஒரு கூடுகையை வடிவமைத்தார். அதன் பெயர் ‘அனைத்துயிர் அவை’.

அதன் நடைமுறையில் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு சிறு குழு கூடுகிறது. அழிந்துபோன உயிர்களை எண்ணி முதலில் துக்கம் கொண்டாடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியே சென்று, தம் மனத்தில் வந்து நிற்கும் ஓர் உயிரையோ ஆற்றையோ மலையையோ ஏற்றுக்கொள்கிறார்கள்; அதற்கொரு முகமூடி செய்கிறார்கள். வட்டமாக அமர்ந்து அந்த உயிராகவே பேசுகிறார்கள். சிலர் முகமூடியைக் கழற்றிவிட்டு, மனிதர்களாக நடுவில் அமர்ந்து, பதில் பேசாமல் கேட்கிறார்கள். கடைசியில் ஒவ்வோர் உயிரும் தன்னிடமுள்ள ஓர் ஆற்றலை மனிதருக்குக் கொடையாக வழங்குகிறது. நார்வே தத்துவவாதி ஆர்னே நெஸ்ஸும் பங்களித்த 1988ஆம் ஆண்டு நூல் ஒன்றின் வழியாக இந்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவியது.

இப்படிக் கூடுவதால் காட்டுக்கு ஏதாவது நடக்கிறதா, கூடியவர்களின் மனம் மட்டும் ஆறுதல் அடைகிறதா? கேள்வி புதிதன்று. மழை வேண்டிக் கூடும் ஊர்களையும், காட்டுத் தெய்வத்துக்குப் பலியிடும் ஊர்களையும், ஆற்றுக்குப் படையல் வைக்கும் ஊர்களையும் பார்த்த அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பனியாற்றுக்கு இறுதிச் சடங்கு நடத்துவது முதல் ஆற்றுக்குச் சட்டத்தில் ஆள் என்ற நிலை கேட்பது வரை, சடங்கும் கற்பனையும் சூழல் அரசியலுக்குள் நேராகவே நுழைந்துவிட்ட காலத்தில், அந்த விடைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் விடைகள்: இயற்கை காணாமல் போன கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜேம்ஸ் ஃபிரேசருக்கு விடை தெளிவாகத் தெரிந்தது. மழைக்காக நீர் தெளிப்பவர் காரண காரியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர். மந்திரம் என்பது பிழைபட்ட அறிவியல். 1925இல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதைத் திருத்தினார். டிரோப்ரியான்ட் தீவினர் ஆபத்தில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரத்தை நாடுவதில்லை, நிச்சயமில்லாத திறந்த கடலுக்குப் போகும்போதுதான் நாடுகிறார்கள் என்று அவர் காட்டினார். அறிவு இல்லாததால் சடங்கு வரவில்லை, அறிவு எட்டாத இடத்தில் வரும் அச்சத்துக்காக வந்தது என்பது அவர் வாதம்.

எமில் துர்க்கைம் 1912இல் வேறு வழியில் போனார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தங்கள் குலக்குறி விலங்கு பெருக வேண்டும் என்று நடத்தும் சடங்குகளைப் பற்றிய பதிவுகளை வைத்து, கூடும்போது எழும் கூட்டுக் கிளர்ச்சியே சடங்கின் உண்மையான விளைவு என்றார். மக்கள் வணங்குவதாக நினைப்பது கங்காருவை; உண்மையில் வணங்குவது தம் சமூகத்தை.

இந்த விடைகள் அனைத்திலும் ஒரே குறை உண்டு. ஃபிரேசருக்கு இயற்கை தவறாகப் படிக்கப்பட்ட பாடம். மாலினோவ்ஸ்கிக்கு அது அச்சத்தின் ஊற்று. துர்க்கைமுக்குச் சமூகத்தின் சின்னம். கங்காரு பெருகியதா குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஆயினும் துர்க்கைமின் கருத்தில் ஒரு பகுதியை இன்றும் தள்ளிவிட முடியாது: தனியாளுக்கு வராத துணிவும் உறுதியும் கூடிய கூட்டத்துக்கு வருகின்றன. புல்டோசர் முன் நின்றவர்கள் அதை அறிவார்கள்.

சடங்கு ஒரு கட்டுப்பாட்டு முறை என்ற விடை

கங்காருவின் கணக்கைக் கேட்கும் துணிவு 1960களில் வந்தது. மானிடவியலாளர் ராய் ராப்பபோர்ட் 1962–63இல் நியூ கினியின் செம்பாகா மக்களிடையே தங்கினார். ஏறத்தாழ 200 பேர் கொண்ட சிறு குழு. ஒரு போர் முடிந்ததும் அவர்கள் ரும்பிம் என்ற செடியை நடுகிறார்கள். அது மண்ணில் இருக்கும்வரை போர் கூடாது. மூதாதையருக்குப் பட்ட கடனைத் தீர்க்கப் பன்றிகளை வளர்க்கிறார்கள். பன்றிகள் பெருகப் பெருகப் பெண்களின் உழைப்பு கூடுகிறது, அவை தோட்டங்களுக்குள் புகுகின்றன, சண்டை மூள்கிறது. பொறுக்க முடியாத நிலையில் செடியைப் பிடுங்கி, ஓராண்டளவு நீளும் கைக்கோ திருவிழாவைத் தொடங்குகிறார்கள். பன்றிகள் பலியாகின்றன, இறைச்சி நட்புக் குழுக்களுக்குப் போகிறது. மக்கள் மனத்தில் இருப்பது மூதாதையர். வெளியில் நடப்பது பன்றி, நிலம், உணவு ஆகியவற்றைச் சமன்படுத்தல். 1968இல் வந்த அவருடைய நூல் சூழல் மானிடவியலின் திசையையே திருப்பியது.

எதிர்ப்பும் கடுமையாக வந்தது. ஒரே ஒரு சுற்றை மட்டும் பார்த்துவிட்டு அது எப்போதும் சமநிலைக்குத் திரும்பும் என்று எப்படிச் சொல்வது? ஒரு வழக்கத்தால் நன்மை விளைகிறது என்பதாலேயே அந்த நன்மைக்காக அது தோன்றியது என்று ஆகிவிடுமா? ஜோனதன் ஃபிரீட்மன் 1970களில் எழுப்பிய இத்தகைய கேள்விகளுக்கு ராப்பபோர்ட் 1984 பதிப்பில் நீண்ட பதில் எழுதினார். பதில் நேர்மையானது, ஆனால் கேள்விகள் முழுதாக அடங்கவில்லை.

சடங்கு ஒரு கட்டுப்பாட்டு முறை என்ற வாதத்துக்கு வலுவான ஆதாரம் வேறொரு தீவிலிருந்து கிடைத்தது. பாலியில் நெல் வயல்களுக்குச் சுபாக் என்ற பாசனச் சங்கங்கள் உண்டு. ஒவ்வொரு மதகுக்கும் ஓடைக்கும் நீர்க்கோயில்கள்; அவற்றுக்கெல்லாம் மேலே பாத்தூர் எரிமலை ஏரியை நோக்கிய தலைமைக் கோயில். எந்தப் பகுதி எப்போது நடவேண்டும், எப்போது தரிசாக விடவேண்டும் என்பதைக் கோயில் கூட்டங்களும் விழா நாட்களும் வகுத்தன. 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய ரகங்களை இயன்றவரை அடிக்கடி நடும்படி அரசு சொன்னது. விழாக்கள் தொடர்ந்தன, ஆனால் நடவு நாட்கள் விழா நாட்களிலிருந்து பிரிந்தன. சில ஆண்டுகளில் தண்ணீர்ச் சண்டையும் புகையானும் துங்ரோ நோயும் வயல்களைச் சூழ்ந்தன.

காரணத்தை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் விளக்கினார். அண்டை வயல்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இல்லை. ஆனால் அனைவரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. எத்தனை வயல்கள் சேர்ந்து நட்டால் பூச்சியும் அடங்கும், தண்ணீரும் போதும் என்பதே சிக்கல். ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கணினி மாதிரி, நீர்க்கோயில் அளவிலான ஒருங்கிணைப்பே நல்ல விளைச்சல் தருவதாகக் காட்டியது. 1991இல் லான்சிங்கின் நூல் வெளிவந்தது. 2012இல் சுபாக் நிலப்பரப்பு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. நீர்க்கட்டிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஏரிப் பாசனத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயமன்று.

லான்சிங்கின் மாதிரி வரலாற்றையும் அரசியலையும் கழித்துவிட்டது, காலனிய அரசும் பின்வந்த அரசும் இந்தக் கோயில் அமைப்பை எப்படி மாற்றின என்பதைக் காணவில்லை என்று ஸ்டீபன் ஹெல்ம்ரைக் 1999இல் விமர்சித்தார். அது நியாயமான விமர்சனம். ஆனாலும் இந்தத் துறையில் இதுவரை கிடைத்த சான்றுகளில் பாலியே மிக உறுதியானது என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே விழாவோடு சேர்ந்து ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. முடிவை மீறினால் அடுத்த அறுவடையிலேயே தெரிந்துவிடுகிறது. முடிவெடுப்பவரும் பாதிக்கப்படுபவரும் ஒருவரே.

மனப்பார்வை மாறினால் போதுமா

ஜான் சீட் நம்பியது இத்தகைய கட்டுப்பாட்டை அல்ல. அவர் நம்பியது மனப்பார்வையின் மாற்றத்தை. அந்த நம்பிக்கைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1967 மார்ச் மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வரலாற்றாசிரியர் லின் வைட் எழுதிய கட்டுரை, சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தில் இருப்பதாக வாதிட்டது. மரத்திலும் ஊற்றிலும் குன்றிலும் குடியிருந்த தெய்வங்களைத் துரத்திய பிறகுதான் அவற்றைக் கூச்சமின்றி அழிக்க முடிந்தது என்றார் அவர். அப்படியானால் தெய்வங்களைத் திரும்ப அழைத்துவிட்டால் அழிவு நின்றுவிட வேண்டும்.

மறு ஆண்டே புவியியலாளர் யி-ஃபூ துவான் இதை மறுத்தார். தாவோயிசமும் பௌத்தமும் தழைத்த சீனாவிலும் காடுகள் பெருமளவில் அழிந்தன. உடலை எரிக்கும் பௌத்த வழக்கம் விறகைத் தின்றது. எழுத்துக்கு மைக்கரி வேண்டிப் பைன் மரங்கள் எரிக்கப்பட்டன. இயற்கையைப் போற்றும் கவிதையும் அதை அழிக்கும் கோடரியும் ஒரே நாகரிகத்தில் பிரச்சினையின்றி வாழ முடியும் என்பதே அவர் காட்டிய உண்மை.

கங்கை இந்த முரணை இன்னும் கூர்மையாக்குகிறது. உலகில் இந்த அளவுக்கு மக்கள் கூடி வழிபடும் ஆறு வேறு இல்லை என்றே சொல்லலாம். 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்துக்குப் பிறகும் சாக்கடை அதில் கலந்துகொண்டே இருந்தது. காசியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கெல்லி ஆலி, படித்துறைகளில் உள்ளவர்கள் அழுக்கையும் தூய்மையையும் இரு வேறு தளங்களில் வைப்பதைப் பதிவு செய்தார். ஆறு அழுக்காகலாம், ஆனால் அவள் புனிதம் கெடாது. நம்பிக்கை ஆழமாக ஆழமாக, ஆற்றுக்கு ஆபத்து என்ற பேச்சே அவர்களுக்குப் பொருளற்றுப் போகிறது. பக்தி குறைந்ததால் கங்கை கெட்டது என்று பேசுபவர்கள் இந்த ஆய்வை எதிர்கொண்டாக வேண்டும்.

அதே காசியில் வீர் பத்ர மிஸ்ராவும் இருந்தார். சங்கட மோசன் கோயிலின் மகந்த், அதாவது தலைமைப் பொறுப்பாளர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். நாள்தோறும் கங்கையில் நீராடியவர், 1982இல் ஓர் அமைப்பைத் தொடங்கி ஆற்று நீரைச் சோதிக்கவும் கழிவுநீரைத் திருப்பும் திட்டங்களை முன்வைக்கவும் செய்தார். 2013இல் மறையும்வரை விடவில்லை. பக்தி அவரை உந்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பக்தி கொண்ட இலட்சக்கணக்கானோரை அது அப்படி உந்தவில்லை. மனப்பார்வைக் கோட்பாட்டால் இந்த வேறுபாட்டை விளக்க முடிவதில்லை.

கோயில்காடு சொல்வது

வைட்டின் வாதத்துக்கு ஆதரவாகப் பெரும்பாலும் காட்டப்படுவது கோயில்காடு. மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1970களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புனிதக் காடுகளைப் பற்றி எழுதியபோது, சுற்றிலும் அழிந்துவிட்ட தாவரங்கள் அவற்றுக்குள் எஞ்சியிருப்பதை எடுத்துக்காட்டினார்கள். தமிழ்நாட்டிலும் அய்யனார், முனி, காளி காவல் இருக்கும் காடுகளில் சுள்ளி பொறுக்கக்கூட மக்கள் தயங்கினார்கள்.

ஆனால் இந்தக் காடுகளும் சுருங்கிவிட்டன. குடகின் தேவரகாடுகள் 1905இல் 6,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தன. 1985இல் எஞ்சியது 2,500 ஹெக்டேர் அளவே. தெய்வமும் இருந்தது, விழாவும் நடந்தது. காப்பித் தோட்டங்களும் ஆக்கிரமிப்பும் காட்டைத் தின்றன. ஊரின் பொறுப்பிலிருந்த நிலம் அரசின் ஏடுகளுக்குள் போனபோது, மீறியவரைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் யாரிடம் என்பதே குழம்பிப்போனது.

2013இல் வெளிவந்த நூலில் எலைசா கென்ட் தமிழ்நாட்டுக் கோயில்காடுகளை நெருங்கிப் பார்த்தார். மக்கள் மரத்தைக் காப்பதாகப் பேசவில்லை. காடு சாமியின் சொத்து. தொட்டவரைச் சாமி பார்த்துக்கொள்ளும். காட்டைப் பாதுகாப்பது என்ற நோக்கம், படித்தவர்களும் அரசுசாரா அமைப்புகளும் பின்னால் சேர்த்த விளக்கம். இது கோயில்காட்டின் மதிப்பைக் குறைக்கும் முடிவன்று. ஆனால் சாமியின் மீதான அச்சத்தை நீக்கிவிட்டுச் சூழல் விழிப்புணர்வை அந்த இடத்தில் வைத்தால் அதே பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை அது ஆட்டம் காணச் செய்கிறது.

விழா வளர்வதே காட்டுக்குச் சுமையாகும் நிலையும் உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு மக்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் குடில் கட்டித் தங்குவதும் சமைப்பதும் விட்டுச்செல்லும் குப்பையும் வனத்துறைக்கும் பக்தர்களுக்கும் இடையே தொடர்ந்த இழுபறியாகிவிட்டன. காட்டை நோக்கி வந்த மரபு, வருகிறவர்களின் எண்ணிக்கையால் காட்டோடு மோதுகிறது. இதற்குப் பக்தரைப் பழிப்பது எளிது, தவறும்கூட. நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தவர்களின் காலத்துக்கு வகுக்கப்பட்ட வழக்கம், பேருந்தும் வேனும் வரும் காலத்தில் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளவில்லை.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் நேரெதிரான காட்சி. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் தலைமுறைக் கணக்கில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே பெரிய சடங்கு கிடையாது. ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது.

காடு பேசும் கூட்டங்கள்

இனி முகமூடி அணிந்து பேசும் அவைக்குத் திரும்பலாம். உயிர்களுக்காக மனிதர் பேசும் கூட்டம் நீலகிரி–வயநாட்டுக் காட்டு நாயக்கர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. 1970களின் இறுதியில் அங்கே தங்கிய மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், 1999இல் எழுதிய கட்டுரையில் பண்டலு என்ற கூடுகையை விவரிக்கிறார். மலைகளும் யானைகளும் மூதாதையரும் ஆட்கள் மேல் இறங்கிப் பேசுகிறார்கள். கூடியிருப்பவர்கள் அவர்களோடு வாதாடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், குறை சொல்கிறார்கள், நோய் தீர்க்கக் கேட்கிறார்கள். இது நம்பிக்கையைப் பற்றிய விஷயமே அன்று என்பது அவர் வாதம். கூட வாழும் ஒருவரோடு பேசிப் பேசித்தான் உறவு நிலைக்கிறது, காட்டோடும் அப்படியே. சாமியாட்டமும் குறி கேட்பதும் தெரிந்த ஊர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவைப்படாது.

பண்டலுவில் இறங்கும் மலை, அவர்கள் தினம் கிழங்கு தோண்டும் மலை. அனைத்துயிர் அவையில் பேசும் திமிங்கிலத்தைப் பங்கேற்பவர் ஒருமுறையும் பார்த்திராமல் இருக்கலாம். பண்டலுவில் மனிதர் எதிர்த்துப் பேசுகிறார். அவையில் மனிதர் வாய் மூடிக் கேட்கிறார். அவையை நோக்கி வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சுற்றியே எழுந்தன.

வால் பிளம்வுட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதியின் விமர்சனம் இவற்றில் ஆழமானது. ‘நானும் காடும் ஒன்று’ என்று கரைந்துபோகும்போது, காடு வேறு, அதன் தேவை வேறு என்ற உண்மை மறைந்துபோகிறது. எல்லாம் நானாகிவிட்டால் யார் சொல்வதைக் கேட்பது என்று அவர் கேட்டார். அவை பிறந்த அதே 1985இல் காக்கடு தேசியப் பூங்காவில் முதலையிடம் சிக்கி உயிர் தப்பியவர் அவர். தான் இன்னோர் உயிருக்கு இரை என்பதை உடலால் அறிந்தவரின் கேள்வி என்பதால் அதற்கு எடை கூடுகிறது.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் வேறு பக்கத்திலிருந்து தாக்கினார். இந்த அவைக்குப் பின்னாலுள்ள ஆழ்சூழலியல் என்ற சிந்தனை கீழைச் சமயங்களைத் தன் வசதிக்கேற்ப எடுத்துக்கொள்கிறது, ஏழை நாடுகளில் காட்டைப் பிழைப்புக்காக நம்பியிருக்கும் மக்களை மறந்துவிடுகிறது, மிகை நுகர்வையும் ராணுவமயத்தையும் கேள்வி கேட்பதில்லை என்றார். 1993இல் அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களின் பிரதிநிதிகள் தங்கள் சடங்குகளைப் பிறர் எடுத்தாள்வதைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அது இந்த அவையைக் குறிவைத்ததன்று. ஆனால் முரசும் வட்டமும் கொண்ட எந்தப் புதுச் சடங்கும் அந்தக் கண்டனத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அவையை ஒதுக்கிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. மேசி அணு ஆயுத எதிர்ப்புக் காலத்திலிருந்தே ஒன்றைச் சொல்லி வந்தார்: மக்கள் செயலற்று இருப்பது அக்கறை இல்லாததால் அன்று, துக்கத்தைத் தாங்க முடியாமல் அதை உள்ளே அடைத்துக்கொள்வதால். துக்கத்தைக் கூடி அழுது வெளியே விட்டால் செயல் பிறக்கும். இலங்கையின் சர்வோதய இயக்கத்தை ஆராய்ந்து 1983இல் நூல் எழுதிய அவர், அங்குள்ள கிராமங்களில் மக்கள் கூடிப் பேசிக் கூடி உழைத்ததை நேரில் கண்டவர். ஒப்பாரிக்கு இடமிருந்த சமூகத்தில் பிறந்தவர்களுக்கு அவர் வாதம் அந்நியமாகத் தோன்றாது.

செயல் பிறந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலையைச் சிவனாகவே வணங்கி வலம் வரும் மரபு மிகப் பழையது. அது இருந்தும் 1980களில் மலை மொட்டையாகவே கிடந்தது. அப்போது அங்கே தொடங்கிய காடு வளர்ப்பு முயற்சிக்கு ஜான் சீடும் அவரது மழைக்காட்டு அமைப்பும் துணை நின்றார்கள். நாற்றங்காலும் நடவும் தீத்தடுப்பும் ஆண்டுக் கணக்கில் தொடர்ந்த பிறகே பச்சை திரும்பியது. மலை சிவன் என்ற பழைய நம்பிக்கையும், மலை பேசும் என்ற புதிய கற்பனையும் அங்கே உழைப்பில் சந்தித்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

காவியுடுத்த மரங்கள்

பழைய சடங்கைப் புதிய தேவைக்குத் திருப்பியவர்களில் தாய்லாந்துப் பிக்குகள் முக்கியமானவர்கள். 1988இல் பயாவ் மாகாணத்தில் பிக்கு மானஸ், காட்டு மரங்களுக்குக் காவித் துணி சுற்றித் துறவறம் வழங்கினார். 1990களில் ‘நான்’ என்ற மாகாணத்தில் பிக்கு பிடக் அதை வளர்த்தெடுத்தார். சூசன் டார்லிங்டன் விவரிக்கும் சடங்கில், ஊர்த்தலைவர்கள் மந்திரித்த நீரைப் பருகிக் காட்டைக் காப்பதாக உறுதி ஏற்கிறார்கள். மீறினால் வினை தொடரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மரம் துறவியாக முடியாது என்று பிற பிக்குகள் எதிர்த்தார்கள்.

சடங்குக்கு முன்னால் பல மாதங்கள் கிராமக் கூட்டங்கள் நடந்தன, எல்லை குறிக்கப்பட்டது, மாற்றுப் பயிர் பேசப்பட்டது. காவித் துணி அந்த வேலையின் முத்திரை. 1996இல் மன்னர் பூமிபோலின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி 5 கோடி மரங்களுக்குத் துறவறம் என்று இயக்கம் விரிந்தபோது, அது காட்டில் வாழும் உரிமையைக் கேட்கும் உத்தியாகவும் இருந்தது. அரசின் கொண்டாட்டத்துக்குள் கரையும் ஆபத்தும் கூடவே வந்தது. ஒரு சடங்கு பெருகும்போது அதன் பின்னாலிருந்த கூட்டங்களும் பெருகுகின்றனவா, துணி மட்டும் பெருகுகிறதா என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் கேள்வி.

அளந்து பார்த்தவர்கள்

உளவியலாளர்கள் இந்தக் கேள்வியை எண்ணில் கொண்டுவர முயன்றார்கள். மேயரும் ஃபிரான்ட்ஸும் 2004இல் இயற்கையோடுள்ள பிணைப்பை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்பெயினில் பெரெங்கேர் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பறவையோ மரமோ என்ன உணரும் என்று கற்பனை செய்யச் சொல்லப்பட்டவர்கள், விலகி நின்று பார்க்கச் சொல்லப்பட்டவர்களைவிடச் சூழல் காப்புக்கு அதிகப் பணம் ஒதுக்க முன்வந்தார்கள். அனைத்துயிர் அவையின் அடிப்படை நம்பிக்கைக்கு இது ஓரளவு துணை நிற்கிறது.

ஓரளவுதான். அறைக்குள் காகிதத்தில் எடுக்கும் முடிவுக்கும் வீட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் வாழும் விதத்துக்கும் தொலைவு அதிகம். கூடுகைகளுக்கு வருபவர்கள் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் என்பதால் சடங்கு மாற்றியது எது, முன்பே இருந்தது எது என்று பிரிப்பது கடினம். பெரும்பாலான ஆய்வுகள் பங்கேற்றவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை நம்பியிருக்கின்றன. பாலியில் லான்சிங்கால் நெல்லை அளக்க முடிந்தது. இங்கே அளக்கப்படுவது மனம். காடு இன்னும் அளக்கப்படவில்லை.

முடிவாகாத இடங்கள்

இதுவரை பார்த்த சான்றுகளில் பாலியின் நீர்க்கோயிலும் தாய்லாந்தின் மரத்துறவும் கொள்ளுக்குடிப்பட்டியின் அமைதியும் ஒரு பக்கம் சேர்கின்றன. அங்கெல்லாம் கூடியவர்கள் தமக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி, தம்மைக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவை எடுத்தார்கள். கங்கையும் தேவரகாடும் மறுபக்கம். உணர்வு ஆழமாக இருந்தும் முடிவெடுக்கும் அதிகாரம் கூடியவர்கள் கையில் இல்லை. இந்தப் பிரிப்பு தற்காலிகமானதே. திருவண்ணாமலை இதில் எங்கும் சரியாக அடங்கவில்லை.

இயற்கைக்காக யார் பேசலாம் என்ற கேள்வி சட்டத்திலும் திறந்தே கிடக்கிறது. நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. ஆற்றுக்காகப் பேச இருவர். மாவோரி மக்கள் தரப்பில் ஒருவர், அரசுத் தரப்பில் ஒருவர். அனைத்துயிர் அவையின் முகமூடிக்கு இங்கே பொறுப்பும் சேர்கிறது: பேசுபவர் ஆற்றின் நலனுக்காகச் செயல்படும் சட்டக் கடமை கொண்டவர். அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கை, யமுனைக்கு அப்படியொரு நிலையை வழங்கி அதிகாரிகளைக் காப்பாளராக்கியது. வெள்ளம் வந்தால் இழப்பீட்டை யார் தருவது என்பது போன்ற கேள்விகளோடு மாநில அரசே மேல்முறையீட்டுக்குப் போக, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையை உரிமையுள்ள உயிராக அறிவித்து, காக்கும் பொறுப்பை அரசுகளிடம் ஒப்படைத்தது. வாங்கனுயிக்குப் பின்னால் அந்த ஆற்றங்கரை மக்கள் தலைமுறைகளாக நடத்திய உரிமைப் போராட்டம் இருந்தது. நம் தீர்ப்புகளுக்குப் பின்னால் ஆற்றங்கரை ஊர்களின் கூட்டம் எதுவும் அப்படிக் கூடவில்லை. தீர்ப்பு அதை உண்டாக்குமா என்பதைச் சொல்லக் காலம் வேண்டும்.

இன்னும் கடினமான கேள்வி அளவு பற்றியது. 2019 ஆகஸ்ட் 18 அன்று ஐஸ்லாந்தில், உயிரிழந்ததாக அறிவிக்கப்பட்ட ஓக் பனியாற்றுக்காக ஏறத்தாழ நூறு பேர் மலையேறிப் போய், வருங்காலத் தலைமுறைக்கு எழுதிய வாசகத்தோடு ஒரு செப்புப் பட்டயத்தைப் பதித்தார்கள். அன்றைய கரியமில வாயு அளவும், பத்து இலட்சத்தில் 415 பங்கு என்று, அதில் பொறிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தில் பிட்சோல் பனியாற்றுக்கும் அப்படியொரு சடங்கு நடந்தது. அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் அந்தப் பனியை உருக்கிய புகை அங்கே கூடியவர்களின் ஊரிலிருந்து மட்டும் வந்ததன்று. பாலி உழவர் எடுத்த முடிவின் பலனை அடுத்த போகத்தில் பார்க்கிறார். பனியாற்றின் முன் நின்றவர்கள் எடுக்கும் முடிவின் பலனை அவர்கள் வாழ்நாளில் பார்க்க முடியாது. எந்த ஊரின் எல்லைக்குள்ளும் அடங்காத காற்றுக்காக யார் கூடுவது, கூடியவர்கள் எந்த முடிவுக்குக் கட்டுப்படுவது, மீறியவரை யார் கேட்பது என்பதற்கு ராப்பபோர்ட்டிடமும் பதில் இல்லை, மேசியிடமும் இல்லை.